நெஞ்சளவுச் சுவர்

...வழுக்கி விழுவதென்றால் முதலில் இதன் மேல் ஏற வேண்டுமே, என்று தோன்றிய நொடியிலேயே அவள் கையை எடுத்துவிட்டாள், சுட்டுவிட்டதுபோல, ஆனால் சுவர் சில்லென்றுதான் இருந்தது, சுண்ணாம்பு பூசித் தேய்த்து வழவழவென்றிருந்த தொட்டியின் வட்டச் சுவர், அதன் விளிம்பு நேராக அவள் நெஞ்சுக்கு வந்தது. ஒருவேளை நான் கூனிக்கொண்டு நிற்கிறேனோ... நிமிர்ந்து பார்த்தாள், நிமிர்ந்தாலும் நெஞ்சுதான். அப்பா அவளைவிடக் குள்ளம். அவள் அம்மா வாகு, தம்பிதான் அப்பா வாகு. உங்கப்பா என் காது வரைக்கும்தான் வருவார், அவருக்காகவே நான் முதுகை வளைச்சு நடந்து பழகி, இப்ப அதுவே கூன் ஆயிடுச்சு என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள், அப்பா பேச்சில் அம்மா சிரித்த ஒரே இடம் அது. மற்றதற்கெல்லாம் ஒரே வாக்கியம்தான். சாயத் தொட்டியில கால் வழுக்கி விழுந்துட்டார். பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் பக்கத்து வீட்டில் கேட்டாலும் அதே வாக்கியம், ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது, கேட்டவர்கள் உச்சுக்கொட்டி முடிப்பதற்குள் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போயிருப்பாள். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அவள் மனத்தில் ஒரு தொட்டி இருந்தது, தரையோடு தரையாக, கிணறுபோல, ஓரத்தில் பாசி படிந்து, கால் வைத்தால் வழுக்கும்படி. இத்தனை வருஷமும் அப்பா அந்தத் தொட்டியில்தான் விழுந்துகொண்டிருந்தார். இது வேறு தொட்டி.

தம்பி இன்னும் ஆபீஸ் அறைக்குள்தான் இருக்கிறான், கதவுக் கண்ணாடி வழியே அவன் கை ஆடுவது தெரிகிறது, கையை ஆட்டாமல் அவனுக்குப் பேச வராது. சாயப்பட்டறையை மூடி எத்தனையோ காலம் கழித்து இப்போது மியூசியமாக்கி டிக்கெட் போட்டுவிட்டார்கள், வாசலில் ஒரு பித்தளைப் பலகை, இங்கே வேலை செய்யும்போது உயிர்விட்டவர்களின் பெயர்கள், அதில் அப்பா பெயர் இல்லை. யாரோ போனில் அனுப்பிய படத்தில் அதைப் பார்த்த நாளிலிருந்து இவனுக்குத் தூக்கம் போயிற்று. அம்மா இருந்தவரை இந்தத் தெருப்பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கக் கூடாது, அம்மா போய் மூன்று மாதம் ஆகவில்லை, கிளம்பு அக்கா என்று வந்து நின்றான். அப்பா போனபோது அவன் வயிற்றில் இருந்தான், முகமும் தெரியாது, குரலும் தெரியாது, அவனுக்கு அப்பா என்றால் அந்த ஒரு வாக்கியம்தான். தலைவலி என்று லீவு போடும் மகனிடம், உங்க தாத்தா வேலையிலேயே உயிரை விட்ட மனுஷன்டா, நீ என்னடான்னா தைலத்தைத் தேடறே என்பான், அந்தப் பையனும், அதான்பா, எனக்கு உயிர் மேல கொஞ்சம் ஆசை இருக்கு என்பான். இவனே சிரித்துவிடுவான். பெயரை விட்டுட்டாங்க அக்கா, கவனக்குறைவு, கேட்டா போட்டுடுவாங்க... கவனக்குறைவா? அவள் அப்போது அப்படித்தான் நினைத்தாள். ஒருத்தர் விடாமல் எழுதியிருக்கிறார்கள், கொதி தண்ணீர் கொட்டினவர், கூரையிலிருந்து விழுந்தவர், அப்பாவை மட்டும் எப்படி மறப்பார்கள், என்று நேற்றுவரை ஏன் தோன்றவில்லை?

"என்னம்மா, உள்ள எட்டிப் பாக்கணுமா? சின்னப் பிள்ளைங்களுக்கு ஸ்டூல் வச்சிருக்கோம், எடுத்துத் தரட்டுமா?" சுற்றிக் காட்டுகிற பெண், சட்டையில் அட்டை குத்தியிருந்தாள், கேலி செய்தாலும் கோபம் வராத முகம். இல்லை, வேண்டாம், இந்தச் சுவரை நீங்கள் உயர்த்திக் கட்டினீர்களா, பிள்ளைகள் விழாமல் இருக்க... கேட்கும்போதே உள்ளுக்குள் ஒன்று மன்றாடியது, ஆமாம் என்று சொல், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. "ஒரு செங்கல்லக்கூடத் தொடலம்மா. கழியில துணியைக் கோத்து இறக்குவாங்க, இப்படி விளிம்புல முழங்கையை ஊனிக்கிட்டு ஆட்டுவாங்க. குனியற வேலையே கிடையாது." துணி நழுவி உள்ளே விழுந்துவிட்டால்? "விட்டுருவாங்க. அடியில மண்டி இருக்கும், கலக்கினா தொட்டியே கெட்டுப்போயிடும். சாயங்காலமா கொக்கி போட்டு எடுப்பாங்க." மேலே ஏறி நிற்கிற வேலை ஒன்றுமே இல்லையா? "கழுவறப்ப ஏறுவாங்க, ஆனா அப்பத் தொட்டி காலியால்ல இருக்கும்." அந்தப் பெண் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னம்மா, தொட்டி கட்டப் போறீங்களா வீட்டுல?" அவளும் சிரித்து வைத்தாள், வேறு என்ன செய்வது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு கதவு சாத்திக்கொண்டது. அந்தப் பெண் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள், அவுரித் தண்ணியிலேர்ந்து எடுக்கறப்பத் துணி பச்சையாத்தாம்மா இருக்கும், காத்துப் பட்டாத்தான் நீலமாகும், பாத்துக்கிட்டு இருக்கறப்பவே மாறும், அவ்வளவு அழகு... அப்படியானால் அப்பாவைத் தூக்கியபோது யார் பச்சையாகப் பார்த்தார்கள்? வீட்டுக்குக் கொண்டுவரும்போது நீலம்தான், காது மடலுக்குள் நீலம், இமை மயிரில் நீலம், துடைக்கத் துடைக்க வரவில்லை, எப்போதும் முழங்கை வரைக்கும் இருந்ததுதானே, இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏறிவிட்டது என்று ஏழு வயதில் அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்று காலையில் அப்பா வாசலில் நின்று, இன்னைக்குச் சாப்பாடு எடுத்துட்டு வராதே என்றார். பசிக்காதா என்று அம்மா கேட்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். அந்த நாட்களில் வேலை விட்டு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார், முதுகு மட்டும் தெரியும், அவள் போய் முதுகில் சாய்ந்தால் தள்ளவும் மாட்டார், திரும்பவும் மாட்டார், சும்மா இரு, அப்பாவுக்கு அசதி என்பாள் அம்மா. நல்லவேளை அன்னைக்கு நான் போகல, இந்த வயித்தோட அதைப் பார்த்திருந்தா என்ன ஆகியிருப்பேன் என்று பிற்பாடு அம்மா சொன்னதுண்டு, அதுவும் ஒரே ஒரு தடவை, சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றுதான் அம்மா போகவில்லை. மற்ற நாளெல்லாம் போனாளே... தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியோடு இங்கே வந்து, இதோ, இந்த இடத்தில்தானே நின்றிருப்பாள், அப்பா கையைக் கழுவிக்கொண்டு வரும்வரை, இந்தச் சுவரில் சாய்ந்துகூட நின்றிருப்பாள். இது எவ்வளவு உயரம் என்று அம்மாவுக்குத் தெரியாதா? யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவள் உடம்புக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான், நிறை வயிற்றோடு உட்கார்ந்து, அந்த ஒரு வாக்கியத்தைச் செய்திருக்கிறாள். பிறக்கப் போகிறவனுக்காக. தன்னோடு வந்து இதைச் சுமக்க ஓர் ஆளைக்கூடக் கூப்பிடாமல்... நான் இருந்தேனே அம்மா, எனக்கு நாற்பது வயதான பிறகாவது, ஐம்பது வயதான பிறகாவது, ஆஸ்பத்திரியில் உன் தலையை வாரிவிட்ட அந்தக் கடைசி வாரத்திலாவது... ஏதோ சொல்ல வாயெடுத்தாய், நான்தான் பேசாதே, மூச்சு வாங்கும் என்றேன்.

கதவு திறந்தது. தம்பி முகமெல்லாம் பூரித்துப்போய் வந்தான், மூச்சு வாங்க வந்தான். "ஒத்துக்கிட்டாங்கக்கா. பேரைச் சேத்துடலாமாம். அந்தக் காலத்துல கூட இருந்தவங்க யாராவது, எப்படி நடந்துச்சுன்னு வாயால சொன்னாப் போதுமாம். எங்க அக்கா வெளியில நிக்குதுன்னு சொல்லிட்டேன்." சொன்னால் அந்தப் பலகையில் பெயர் ஏறும், இவன் பேரப்பிள்ளை வரைக்கும் வந்து தொட்டுப் பார்ப்பான். சொல்லாவிட்டால்... சொல்லாவிட்டால் என்னவென்று இவனிடம் சொல்வது, உனக்கு இருக்கிற ஒரே அப்பாவையும் எடுத்துக்கொள்கிறேன் என்றா? அவன் பேசியபடியே அவள் பக்கத்தில் வந்து நின்றான், விளிம்பு அவன் தோளைத் தொட்டது, அவன் அதில் கையை வைக்கவில்லை, சாயவில்லை, உள்ளே எட்டிப் பார்க்கவும் இல்லை. எந்த மியூசியத்துக்குப் போனாலும் ஒரு விளக்க அட்டை விடாமல் வாய்விட்டுப் படிக்கிறவன், இங்கே வந்ததிலிருந்து ஒரு தொட்டியின் பக்கம்கூடத் திரும்பவில்லை என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஏன்டா, நீ இதைப் பாக்கலையா?"

"எத?" என்றான். பிறகு, "அதுல பாக்க என்னக்கா இருக்கு, வா, அந்த ஆபீஸ் ஆளு சாப்பிடப் போயிடுவார்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டான், சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடிப்பதுபோல இறுக்கி, உள்ளங்கை நனைந்திருந்தது. நாலு எட்டு நடந்த பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்தி, "அம்மா சொல்லுவாங்கள்ல, அதை மட்டும் அப்படியே சொல்லிடுக்கா" என்றான். அவள் தலையாட்டினாள். அறை வாசலை மிதிக்கும்போதுதான் உறைத்தது... நடந்ததைச் சொல் என்று இவன் ஏன் சொல்லவில்லை?