கழுத்துக்குக் கீழே

காலை ஒன்பது மணிக்குப் படம் எடுப்பதாகச் சொன்னார்கள். மணி ஒன்றாகியும் ஸ்டூடியோவில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஜிம் மாஸ்டர் இடுப்பில் துண்டோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் முதுகில் பூசிய எண்ணெய் போய்விடும். நேற்றுக் காலையிலிருந்து அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. உடம்பில் நீர் வற்றினால்தான் தசை வரிவரியாகத் தெரியும், அதுவும் சில மணி நேரம்தான் நிற்கும் என்று அவர் சொல்லிச் சொல்லி, பக்கத்தில் நின்ற மனைவிக்கு மனப்பாடம். உதடு வெடித்திருப்பதைப் பார்க்க அவளுக்குப் பகீரென்றது.

"ஒரு மடக்கு குடிச்சா குடியா முழுகிடும்?"

"வயிறு மழுங்கிடும். பேசாம இரு."

மூன்று மாதமாக வீட்டு அடுப்பு அவருக்காகத்தான் எரிந்தது. கொழுப்பும் கரைய வேண்டும், சதையும் ஏற வேண்டும் என்று உப்பில்லாத கோழியைத் தராசில் நிறுத்துத் தின்றார். நாளுக்குப் பன்னிரண்டு முட்டையின் வெள்ளை வேறு. மஞ்சள் கருவைக் கொட்ட மனசு வராமல் அவள் தின்றாள். "உங்க கொழுப்பு எங்கயும் போகல, எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்று சிரிப்பாள்.

எல்லாம் ஒரு டப்பாவுக்காக. ஜிம்மில் இளவட்டங்களைச் சேர்த்துக்கொண்டு இவரை அரை நாள் ஆளாக்கிவிட்டார்கள். புரதப் பொடி டப்பாவில் முகம் வந்துவிட்டால் நாலு இடத்தில் தேடிக் கூப்பிடுவார்கள். நாற்பதை நெருங்குகிறவருக்கு இதை விட்டால் இன்னொன்று அமையாது என்பது இருவருக்கும் தெரியும்.

ஒன்றரை மணிக்குப் பொடிக் கம்பெனி முதலாளியின் மகன் ஜூஸை உறிஞ்சிக்கொண்டு வந்தான். தொப்பை சட்டைப் பித்தானை முட்டியது. அவனைத்தான் முதலில் நிற்கவைத்து, முகத்தை மட்டும் சுற்றிச் சுற்றி எடுத்தார்கள். எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை. பிறகு மேனேஜர் ஒரு பச்சைத் துணி உறையோடு இவர்களிடம் வந்தார்.

"மாஸ்டர், இதைத் தலையில மாட்டிக்குங்க. உடம்பு உங்களது, முகம் சின்ன முதலாளியோடது. கம்ப்யூட்டர்ல ஒட்டிடுவாங்க."

"என் முகம்னுதானே சார் பேசினீங்க?"

"நேத்துதான் முடிவாச்சு. இஷ்டமில்லன்னா சொல்லுங்க, வேற ஆளைப் பாத்துக்கறோம்."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எழுந்திரிங்க, போலாம்."

அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். மூன்று மாதத்து உழைப்பு இன்று சாயங்காலத்துக்குள் மங்கிவிடும். உறையை வாங்கி மாட்டிக்கொண்டு, துண்டை அவிழ்த்து ஜட்டியோடு நின்றார்.

விளக்குகள் எரிந்தன. "கையை மடக்குங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார் போட்டோகிராபர். நாலாவது படத்தில் மாஸ்டரின் வலது தொடை வெடவெடவென்று ஆடி, கல்லாக இறுகியது.

"சார்... கால் பிடிச்சுக்கிச்சு சார்..."

"ஆகா, அந்தத் தொடை! ஒவ்வொரு நரம்பும் தெரியுது. அப்படியே நில்லுங்க, அசையாதீங்க. முகத்தை எப்படி வேணா வெச்சுக்குங்க, அது வராது."

அவள் தண்ணீரோடு ஓடினாள். மேனேஜர் கையை நீட்டி மறித்தார். காமிரா நிற்கவில்லை. வாய் இருக்கும் இடத்தில் பச்சைத் துணி உள்ளே ஒட்டுவதும் புடைப்பதுமாக இருந்தது.