மேகம் சூழ்ந்ததும் நடுங்கிய மோட்டார்

குழாயின் இணைப்பு மறுபடியும் கழன்றபோது, மரக்காணத்துக் கடல்மேல் மேகம் கறுத்துவிட்டிருந்தது. மூன்று பாத்திகளில் உப்பு விளையும் பதத்துக்கு வந்த நீர் நின்றது. மழை விழுந்தால் நீர்த்துப்போகும். பல வார வெயில் வீண். அதற்குள் கூரை போட்ட ஆழமான குழிக்கு அதை இறைத்தாக வேண்டும்.

"ஏம்மா, உன் சோலார் மோட்டாருக்கு ஜொரமா? இந்த ஒதறு ஒதறுது!" உப்பளக்காரர் பக்தவச்சலம் கத்தினார்.

எஞ்சினியர் வினோதினியின் கம்பெனி சோதனைக்குப் பொருத்திய மோட்டார் அது. காந்தம் கிடையாது, சுற்றியுள்ள காயில்கள் எனும் கம்பிச்சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடுவிலுள்ள இரும்பை இழுத்துச் சுழற்றும். ஒரு காயில் விட்டு அடுத்தது பிடிக்கும் இடத்தில் இழுப்பு தொய்யும். வேகத்தில் அது தெரியாது. வெயில் மங்கி வேகம் குறைந்ததும், ஒவ்வொரு தொய்வும் குலுக்கலாகிக் குழாயில் இறங்கியது. பட்டறையில் முழு வேகத்தில் மட்டுமே ஓட்டிப் பார்த்தது அவள் தப்பு.

லேப்டாப்பில், காயில்களுக்குப் போகும் கரன்ட்டின் கோடு தட்டையாக, அழகாக இருந்தது. கோளாறே அதுதான். இரும்பு சுழலச் சுழல இழுப்பு மாறுகிறது. கரன்ட்டும் கூடவே மாற வேண்டும். முந்தைய காயிலை மெல்ல விடவும், அடுத்ததை முன்கூட்டியே பிடிக்கவும் கோட்டை வளைத்தாள்.

அதற்குள் உப்பளத்தில் வேலை செய்யும் பொன்னி இணைப்பை இறுக்கியிருந்தாள். மோட்டார் குலுங்காமல் கிளம்பியது. உடனே நின்றும்போனது.

"நல்லா தூங்கப் போயிடுச்சு மொதலாளி," என்றாள் பொன்னி.

வளைத்த கோடு கூடுதல் கரன்ட் கேட்டது. மேகத்தடியில் பேனலால் தர முடியவில்லை. வினோதினி வளைவைப் பாதியாக்கினாள். இணைப்பு தாங்குமளவுக்குக் குலுக்கலை விட்டுவைத்து, வேகத்தையும் இறக்கினாள்.

"அண்ணே, இந்த வேகத்துல மழைக்குள்ள மூணையும் இறைக்க முடியாது. ரெண்டுதான். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் அவளை முறைத்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"கெழக்கால இருக்கற ரெண்டும்."

மோட்டார் மெதுவாக ஓடியது. பொன்னி இணைப்பின்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. இரண்டாவது பாத்தியில் தரை தெரிந்த நேரத்தில் முதல் துளி விழுந்தது. அடுத்து சடசடவெனப் பிடித்துக்கொண்டது.

மூன்றாவது பாத்தியின் வரப்பில் பக்தவச்சலம் நனைந்தபடி நின்றார்.

"ரெண்டு தப்பிச்சுதே," என்றார், யாரையும் பார்க்காமல்.

பொன்னி மரத்துப்போன கையை உதறினாள். வினோதினியால் அவர் நின்ற பக்கம் திரும்ப முடியவில்லை.