அகல லென்ஸ் போடாத படம்

வாடகைக்கு விடும் வீடுகளைப் படம் எடுப்பது என் வேலை. ஏஜென்சிக்காரர் முகவரி அனுப்புவார். நான் போய் ஜன்னல் திரையை விலக்கி, செருப்பையும் துணிக்கொடியையும் கண்ணில் படாமல் ஒதுக்கி, அகல லென்ஸைப் போட்டு மூலையில் ஒண்டிக்கொண்டு எடுப்பேன். தீப்பெட்டி போன்ற அறை மைதானமாகத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தத் திங்கட்கிழமை வந்த பட்டியலில் மூன்றாவது முகவரி எங்கள் வீடு.

"உன் வீடுதானா அது? நல்லதாப் போச்சு, போற செலவு மிச்சம்!" என்று போனில் சிரித்தார் ஏஜென்சிக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்காரர் வாடகையை ஒரேயடியாக மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் கேட்டிருந்தார். எங்களால் முடியாது என்றோம். மனிதர் கெட்டவர் இல்லை, குழைந்துதான் பேசினார். "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்மா. அந்த வாடகைக்கு யாரும் வரலைன்னா நீங்களே பழைய வாடகைக்கு இருந்துக்குங்க."

என் கணவருக்கு பேக்கரியில் வேலை. விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். இங்கிருந்து நடந்தே போய்விடுவார். எங்கள் சம்பளத்துக்கு வீடு கிடைக்கிற புறநகரில் அந்நேரத்துக்கு பஸ்ஸே கிடையாது. வீடு போனால் அவர் வேலையும் போகும்.

"படத்தக் கெடுத்து எடுத்துடு. அவ்ளோதானே?" என்றார் அவர், முழங்கை வரை மாவோடு.

கெடுத்தேன். அகல லென்ஸைத் தொடவே இல்லை. திரையை மூடினேன். படுக்கையறைச் சுவரில் ஈரம் ஊறிக் கறுத்த இடத்தைப் படத்துக்கு நடுவில் வைத்தேன். மகளின் காலுறைகள் கொடியில் தொங்கின, தொட்டியில் நேற்றைய பாத்திரம் குவிந்து கிடந்தது. பத்து வருடத் தொழிலில் இப்படி ஒரு அசிங்கத்தை நான் எடுத்ததில்லை. ஒருத்தரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று நிம்மதியாக அனுப்பிவைத்தேன்.

மறுநாள் ஏஜென்சிக்காரர் கூப்பிட்டார். "என்னம்மா மாயம் பண்ணினே? பதினோரு பேரு பாக்கணும்னு கேட்டிருக்காங்க! உன் மத்த படத்துக்கெல்லாம் மூணு பேரு வந்தா பெரிசு."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருந்தது.

சாயங்காலம் முதல் ஆளாக ஒரு பெண் வந்தாள். தோளில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நானா விடுவேன்? வாசலைத் தாண்டியதுமே படுக்கையறைக்கு இழுத்துப் போனேன்.

"இந்தச் சுவரப் பாருங்க. மழை வந்தா ஊறிக்கிட்டே இருக்கும்."

"படத்துலயே பாத்தேன்க்கா. அதுக்காகத்தான் வந்தேன்" என்றாள். "மூணு மாசமா அலையறேன். படத்துல பெரிசா இருக்கும், நேர்ல போனா கட்டில் போட்டதும் கதவு திறக்காது. நீங்க ஒருத்தர்தான் உள்ளத உள்ளபடி போட்டிருக்கீங்க."

நன்றாக மூக்குடைபட்டேன். "இப்ப இருக்கற வீட்டுக்கு என்ன குறைச்சல்?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"ஒரு குறையும் இல்லக்கா. எதிர் ஃபிளாட் காலியாச்சு. அத யாரோ படம் எடுத்துப் போட்டாங்க, பாத்தா அரண்மனை! எங்க வீட்டுக்காரம்மா அதப் பாத்துட்டு, 'நம்ம வீடும் அதே அளவுதானே, இத்தனை வருஷமா ஏமாந்துட்டேனே'ன்னு வாடகைய ரெண்டு மடங்காக்கிட்டாங்க. இந்த வீட்டு வாடகைன்னா எப்படியோ சமாளிச்சுக்குவோம்."

"எந்த இடம்?"

"மணிக்கூண்டுக்குப் பின்னால. மஞ்சக் கட்டடம், நாலாவது மாடி."

அந்த அரண்மனையைக் கட்டியவள் நான்தான். சமையலறைக்கு எதிரே கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஒரு ஜன்னலை இரண்டாகக் காட்டியிருந்தேன். அன்று எதிர் வீட்டில் ஒரு குழந்தை விடாமல் அழுதது. எரிச்சலில் கதவைச் சாத்திவிட்டுத்தான் எடுத்தேன்.

மறைக்க மனசு வரவில்லை. "அந்தப் படம் எடுத்தது நான்தான்மா."

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. "உங்க பொழப்பு, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். பிறகு தயங்கிக் கேட்டாள். "நீங்க எங்கக்கா போவீங்க?"

"தெரியல."

"அப்ப நான் வேணாம்னு சொல்லிடட்டுமா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் இவள் போனால் இன்னும் பத்துப் பேர். அவர்களில் யாராவது ஒருத்தர் எடுக்கத்தான் போகிறார்கள்.

"நீயே எடுத்துக்கம்மா" என்றேன்.

குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. அதே குரல். கை நீட்டி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அது என் காதருகே அழ அழ, எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

"தொட்டிலை ஈரச் சுவர் பக்கம் போட்டுடாத, பிள்ளைக்குச் சளி பிடிச்சிடும்" என்றேன். "இதோ, இந்த ஜன்னலோரம் போடு. எங்க பொண்ணுக்கு இங்கதான் போட்டிருந்தோம்."