மண்டி போட்ட போட்டோவுக்கு ஒரு பதில்

1

பாவாயி, இது லெட்டர் இல்ல, கதை. லெட்டர்னா அம்மா பாதியிலேயே அழுதுரும். கதைன்னா முடிவு கேக்கறதுக்காச்சும் கம்முனு உக்காந்திருக்கும். சத்தமா வாசி.

கதை பொறந்ததுக்குக் காரணம் நானேதான். நாக்பூருக்கு அந்தாண்ட ஒரு மிஷன் ஆசுபத்திரியில தண்ணிக்குப் போர் போட்டப்ப எடுத்த போட்டோவ, "உம் பையன் வேல செய்யறதப் பாரு"ன்னு அம்மாவுக்கு அனுப்பி வெச்சேன். அதுல நான் மண்டி போட்டு, கையக் கூப்பி, கண்ண மூடியிருக்கறேன். பக்கத்துல பாதிரியாரு. பின்னால செவுத்துல ஆள் ஒசரத்துக்குச் சிலுவை. திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டிக்கிட்டுப் பெத்து, செங்கோட்டையன்னு பேரு வெச்ச பையன் நான்! அம்மா அத ஊரு பூராவும் காட்டிருச்சு. காளியண்ணன் மாமாவுக்கும்.

அப்பறம் உன் லெட்டர் வந்துச்சு. "அண்ணா, கிறிஸ்தவத்துல சேந்துட்டயா இல்லியா, ஒரே வார்த்தையில பதில் வரோணும்னு மாமா சொல்லிட்டாரு. இல்லீனா தையில அவரு மக சௌந்திரத்த வேற எடத்துல குடுத்துருவாராம்."

ஒரே வார்த்தை. எனக்கு ஒரே வார்த்தையில டீ கூடச் சொல்ல வராது.

நான் பேசப் பேச எங்க கேம்ப் ஆபீசு ராசப்பண்ணன் தமிழ் டைப்ரைட்டர்ல அடிக்கறாரு. மேட்டூர்க்காரரு. வாயில வர்ரத அப்படியே அடிச்சிருவாரு. அண்ணா, இத அடிக்காதீங்க.

(அடிச்சுட்டேன். – ராசப்பன்)

2

ஆரம்பம் ஒண்ணு: "அன்று ஆதவன் தன் பொற்கரங்களை..." வேண்டாம், எனக்கே சிரிப்பு வருது.

ஆரம்பம் ரெண்டு: "வேலுமணி என்றொரு போர் போடும் ரிக் வண்டித் தொழிலாளி..." பேர மாத்திட்டா மாமாவுக்குத் தெரியாதுன்னு பாத்தேன்.

(போட்டோவுல இருக்கறது உங்க மூஞ்சிங்க. – ரா.)

சரி, வேலுமணி போகட்டும்.

3

கிறிஸ்தவம்ங்கற வார்த்தைய நாம எப்படிப் பொழங்கறோம்னு யோசிச்சேன். அம்மாவுக்கு அது பொட்டு வெக்காத நெத்தி. அப்பாவுக்கு, மேட்டூர் குவாட்டர்ஸ்ல டிசம்பர்ல நட்சத்திரம் கட்டற ஊடு. உனக்குக் கேக்கு. மாமாவுக்கு, பந்தியில பக்கத்துல ஆரு வந்து உக்காருவாங்களோங்கற பயம். மாமா, பக்கத்துல இருந்தீங்கன்னா மன்னிச்சுக்கோங்க.

ராசப்பண்ணனையே கேட்டேன். "நீங்க கிறிஸ்தவருதானுங்க. அப்படீன்னா என்னங்கண்ணா?"

"ஞாயித்துக்கெழம லீவு கேட்டு மேனேஜர்கிட்டத் திட்டு வாங்கறதுங்க தம்பி."

"வெளையாடாதீங்க. எங் கல்யாணமே இதுல இருக்குது."

"பாரத்துல மதம்னு ஒரு கட்டம் வருமுங்க. முப்பது வருசமா அதுல எழுதறேன். எழுதறப்ப ஆரும் அர்த்தம் கேக்கலீங்க."

4

எம்பத்தி மூணுல மழையே இல்ல. ஆசுபத்திரியில ரெண்டு போர் போட்டோம், நானூறு அடிக்குத் தூசிதான் வந்துச்சு. கேட்டுக்கு வெளிய நாங்க தேங்கா ஒடச்சோம். உள்ள பாதிரியாரு ஜெபம் பண்ணுனாரு. ரெண்டு பக்கம் சொல்லியும் கீழ காதுல விழுகல. மூணாவதும் பொய்யாப் போனா வண்டிய எடுத்துறோணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு.

அப்பத்தான் அந்தப் போட்டோ. மாமாவுக்குன்னு நான் யோசிச்சு வெச்சது: குழியில எறக்குன கேசிங் பைப்பப் பாக்க மண்டி போட்டேன். கல்லுத்தூசிக்குக் கண்ண மூடுனேன். கையில கிரீசு, தேச்சுட்டிருந்தேன்.

(நெஞ்சுக்கு நேரா வெச்சா கிரீசு தேப்பாங்க? – ரா.)

5

முடிவு ஒண்ணு: "இல்லை." தையில கல்யாணம். மாமா எம் பக்கத்துல உக்காந்து ரெண்டாந்தரம் ரசம் கேக்கறாரு. எனக்கு இதுதான் வேணும். சௌந்திரம்னா எனக்கு...

(நிறுத்திட்டாரு. காதெல்லாம் செவந்திருச்சு. – ரா.)

முடிவு ரெண்டுக்கு முந்தி, பாவாயி, நிறுத்து. மாமா மொகத்தப் பாரு. சிரிச்சார்னா மேல வாசி. மொறச்சார்னா மடிச்சு, சௌந்திரத்துகிட்ட மட்டும் குடு. இதச் சத்தமா வாசிச்சிராத. வாசிச்சிருப்ப.

முடிவு ரெண்டு: கண்ண மூடுனது தூசிக்கு இல்ல. அந்த ஆசுபத்திரி நர்சம்மா ஆத்துல இருந்து நோயாளிகளுக்குத் தண்ணி தூக்கும். அன்னிக்கு எங்க ரிக்குகிட்டக் கொடத்த எறக்கி வெச்சு மூச்சு வாங்குச்சு. நாங்க போட்ட குழிய எட்டிப் பாத்துச்சு. மறுபடி தூக்கிட்டுப் போயிருச்சு. பாதிரியாரு அப்படியே புழுதியில மண்டி போட்டாரு. அந்தப் பெரிய மனுசனத் தனியா உட மனசு வல்ல. நானும் போட்டேன். வாயில வந்தது முருகாங்கறதுதான். நெசமாவே கேட்டேன், மாமா. எனக்காக இல்ல.

முன்னூத்தி நாப்பது அடியில தண்ணி வந்துச்சு. ஆரு குடுத்தாங்கன்னு பைப்புல எழுதி வரல.

இதுக்குப் பேரு கிறிஸ்தவமான்னு எனக்குத் தெரில. ஒரே வார்த்தைக்கு எடம் உட்டிருக்கறேன். சௌந்திரம் பேனா எடுத்து எழுதட்டும். அவ என்ன எழுதுனாலும் கீழ நான் கையெழுத்துப் போடறேன்.

பதில்: ................

(இங்க நான் ஒண்ணும் அடிக்கல. – ரா.)