மேயரின் மோதிர விரல்

ஓவியம் என்பது ஆன்மாவுக்கு எதிரில் ஆன்மா அமர்ந்து செய்யும் வழிபாடு. அங்கே கருவிக்கும் தந்திரத்துக்கும் இடமில்லை. உருவப்பட ஓவியர் ஒட்டீலியா ஸீபெர்க் இதை அறிவித்தபோது மகளிர் சங்கத்தின் காபி மேசை மௌனமானது. அவள் மூக்கு நுனியில் பிளம்ஸ் கேக்கின் சர்க்கரைத் தூள் ஒட்டியிருப்பதை யார் சொல்வது என்ற தயக்கத்தில் விளைந்த மௌனம் அது.

"அப்போ போட்டோவை வச்சு வரையறவங்களை என்னன்னு சொல்லுவீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"என்ன வேணாலும் சொல்லிக்கலாம். ஓவியர்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

மறுநாளே இந்தப் பதில் வேசர் ஆற்றங்கரை ஊர் முழுக்கச் சுற்றி வந்தது.

இப்படிப் பேசவேண்டிய நிலையில் அவள் இருந்தாள். கலைக் கல்லூரி பெண்களைச் சேர்ப்பதில்லை. நகர மன்றக் கூடத்தில் பெண் வரைந்த படம் ஒன்றுகூடத் தொங்கியதில்லை. பெண்கள் நகலெடுப்பார்களே தவிரப் படைக்க மாட்டார்கள் என்பது மன்ற உறுப்பினர்களின் தீர்மானமான எண்ணம். அப்படிப்பட்டவர்கள் முதன்முறையாக மேயர் டீட்ரிஹ் மெர்க்கெலின் படத்தை இவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். அது சோபித்தால் உறுப்பினர்களும் ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள். சொதப்பினால் இவளுக்கு மட்டுமல்ல, எந்தப் பெண்ணுக்கும் அந்தச் சுவரில் ஆணி கிடையாது.

மேயர் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தூங்கினார். விழிக்கும் இடைவெளிகளில் முகத்தை எப்படியோ பிடித்துவிட்டாள். உடம்புதான் பிடிபடவில்லை. குறட்டைக்குக் குறட்டை கோட்டின் மடிப்பு மாறியது. கைகள் நழுவி நாற்காலிக்கு வெளியே தொங்கின. கடைசியில், வெளியூர்க்காரர் ஒருவர் எடுத்திருந்த மேயரின் புகைப்படத்தைக் கண்ணாடித் தகடாக வாங்கி வந்தாள். கதவைத் தாழிட்டு, உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குப் பெட்டியில் தகட்டைச் செருகி, கித்தானில் விழுந்த உருவத்தின் மேல் கழுத்துக்குக் கீழே அப்படியே கோடு இழுத்தாள். தகட்டை முன்பின்னாக மாற்றிச் செருகியிருந்தாள். ஆன்மாவையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியவில்லை.

திறப்பு விழாவில் பேரரசர் கைசரின் படத்துக்கு அடுத்த ஆணியில் திரை விலகியது. கைதட்டல் ஓய்ந்ததும் மேயரின் மனைவி கெஸீனே கிட்டே போய்ப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க மோதிரம் எந்தக் கையில இருக்கு?"

மேயர் வலது கையை உயர்த்தினார். "கல்யாண மோதிரம் இருக்க வேண்டிய கையிலதான்."

"படத்துல இடது கையில இருக்கே!"

பின்வரிசை கலகலத்தது. "இடது கைன்னா நிச்சயதார்த்தம் மட்டும்தானே ஆயிருக்கு! கல்யாணம் எப்போ, மேயரே?"

"பொண்ணு யாருன்னு கேளுங்கப்பா!"

மன்றத் துணைத் தலைவர் ஒட்டீலியாவின் பக்கம் திரும்பினார். "தப்பு உங்க கண்ணுலயா ஃப்ராய்லைன் ஸீபெர்க், அவர் கையிலயா?"

தப்பு தன் கண்ணில் என்றால் எப்படி என்று கேட்பார்கள். எப்படி என்று கேட்டால் தகடு வெளியே வரும். "நான் பார்த்ததைத்தான் வரைவேன்," என்றாள். "உட்கார்ந்தப்போ அந்தக் கையிலதான் போட்டிருந்தார்."

எல்லோரும் மேயரைப் பார்த்தார்கள். முழு நேரமும் தூங்கிய மனிதர் எதை வைத்துச் சத்தியம் செய்வார்? "இருக்கலாம்," என்றார் பாவம். "எனக்கு ஞாபகமில்லை."

கெஸீனே கையுறையை மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.

மறுநாள் காலை அவள் ஒட்டீலியாவின் கதவைத் தட்டினாள். கண் இமைகள் வீங்கியிருந்தன.

"சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது, ஃப்ராய்லைன். வெளியில போனா அவர் மோதிரத்தை மாத்திக்கிறாரா? முப்பது வருஷம் அந்த ஆளுக்கு முட்டைக்கோஸ் வேக வச்சவ நான். எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஆன்மாவைப் பற்றி ஏதாவது சொல்ல வாய் திறந்த ஒட்டீலியா, திரும்பி அலமாரியைத் திறந்தாள். தகட்டை எடுத்து நீட்டினாள். "இதை வச்சுத்தான் வரைஞ்சேன். திருப்பிப் போட்டதுல இடது வலதாயிடுச்சு. அவர் எதையும் மாத்தல. நேத்து நான் சொன்னது பொய்."

கெஸீனே தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள். "இவ்வளவுதானா? போட்டோ வச்சு வரையறது ஊர்ல எல்லாரும் பண்றதுதானேம்மா! இதுக்கா அந்த மனுஷனைச் சமையல்கட்டு பெஞ்சுல படுக்க வச்சேன்?"

அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது ஒட்டீலியாவுக்கு. "மன்றத்துல நானே சொல்லிடறேன்," என்றாள், யாராவது தடுக்க மாட்டார்களா என்ற குரலில்.

"எதுக்கு? உன்னை அனுப்பிட்டு அந்தத் தாடிக்கார ஓவியனைக் கூப்பிடுவாங்க. என்னை வரையச் சொன்னா மாவு மூட்டையை வரைஞ்சவன் அவன். நீ மோதிரத்தை மாத்திடு, போதும். தூக்கத்துல மாத்திப் போட்டுக்கிட்டார்னு நான் சொல்லிக்கறேன். அவரைத் தெரிஞ்சவங்க நம்புவாங்க."

நம்பினார்கள். மேயர்கூட நம்பினார், ஒட்டீலியாவிடம் வந்து மன்னிப்பும் கேட்டார். "தூங்கினவர் விரலைக்கூட விடலையே, என்ன கண்ணு அது!" என்று துணைத் தலைவர் வியந்து, தன் படத்துக்கு நாள் குறித்தார். பாராட்டு விழவிழ ஒட்டீலியா தரையைப் பார்த்தாள். அதை அடக்கம் என்று ஊர் மெச்சியது.

மோதிரத்தை மாற்ற மன்றக் கூடத்தில் ஏணி போட்டு ஏறினாள். இடது விரலில் இருந்ததை அழித்து வலது விரலில் வரைந்தாள். இறங்கும்போதுதான் படத்தில் மேயரின் கோட்டு கண்ணில் பட்டது. வலது மடிப்பு இடது மடிப்பின் மேலேறிப் பொத்தான் பூட்டியிருந்தது. குனிந்து தன் கோட்டைப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான் பூட்டியிருந்தது. கீழே சாவியோடு காத்து நின்ற காவலாளியின் கோட்டில் இடது மடிப்புதான் மேலே இருந்தது.

அவள் அதைத் திருத்தவில்லை. மேயர் இன்றும் பெண்கள் கோட்டில்தான் தொங்குகிறார்.