கை காட்டியவள்

அலுவலகப் பேருந்தில் நான் ஏறுவதில்லை. ஏறினால் கேள்வி. "இன்னும் தனியாதான் இருக்கீங்களா சுஜாதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எனக்கு நாற்பத்தேழு வயது. அணுபுரம் குவார்ட்டர்ஸில் தனியாகத்தான் இருக்கிறேன். அதை யாரும் தினமும் காலையில் வந்து சரிபார்க்க வேண்டியதில்லை. அதனால் சைக்கிளை எடுத்தேன். கல்பாக்கத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலக நூலகம் வரை ஏழு கிலோமீட்டர், ஒரு கேள்வி கிடையாது.

ஆனால் அந்தச் சாலையில் எனக்கு ஒருவர் இருந்தார். செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்கு ஐஸ் ஏற்றிப் போகும் குட்டியானை வண்டிக்காரர். தினமும் ஏரி வளைவில் என்னைப் பிடித்துவிடுவார். சின்னதாக இரண்டு ஹாரன் அடிப்பார். வளைவுக்கு அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாது, புளியமரங்கள் மறைக்கும். முன்னால் போகும் எனக்குத் தெரியும். எதிரே வண்டி இல்லையென்றால் வலது கையை நீட்டி முன்னோக்கி வீசுவேன். வழி இருக்கிறது, போங்கள் என்று லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்களே, அதே சைகைதான். தாண்டிப் போகும்போது அவர் ஒரு கையைத் தூக்குவார்.

அவ்வளவுதான். பெயர்கூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து தம்பி போன் செய்வான். மற்ற ஆறு நாளும் என்னைப் பார்த்துக் கை தூக்கிய ஒரே மனிதர் அவர்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகவே தினமும் ஆறு நாற்பதுக்குக் கிளம்புவேன். ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனாலும் வளைவில் அவரைத் தவறவிட்டுவிடுவேன்.

போன நவம்பரில் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தேன். அலுவலகத்தில் யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்தாம் நாள் தள்ளாடிக்கொண்டே சைக்கிளை எடுத்தேன். வளைவில் பின்னாலிருந்து ஹாரன். இரண்டு அல்ல, மூன்று! என்னைக் காணோமே என்று தேடியிருக்கிறார். எனக்கு அப்படித்தான் தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில் முன்னால் பார்க்காமலேயே கையை வீசினேன்.

வண்டி என்னைத் தாண்ட வலப்பக்கம் ஏறியது. எதிரே ஒரு பைக், வெள்ளை ஹெல்மெட், தன் பக்கத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. இருவரும் பிரேக் அடித்தார்கள். பைக் சரளையில் சறுக்கி வண்டியின் பின்மூலையில் மோதி விழுந்தது. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. கால் முறிந்துவிட்டது.

இரண்டு நிமிடத்தில் கூட்டம் கூடியது. "யோவ், கண்ணு இன்னா பொடனிலியா கீது?" என்று ஒருவன் வண்டிக்காரரைப் பிடித்து அறைந்தான். இன்னொருவன் என்னிடம் திரும்பினான்.

"நீங்க பாத்தீங்களா மேடம்?"

"இல்ல, நான் கவனிக்கல."

வண்டிக்காரர் அதைக் கேட்டார். உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு விழுந்து கிடந்தவரைத் தூக்கக் குனிந்தார். என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூட நான் அவ்வளவு கூசிப்போயிருக்க மாட்டேன்.

அதன்பின் பன்னிரண்டு நாள் அந்தச் சாலையில் ஹாரன் இல்லை. வளைவுக்குப் பக்கத்து டீக்கடையில் ஐஸ் வண்டிக்காரரைப் பற்றி விசாரித்தேன்.

"தனகோடியா? ஓனரு வண்டிய புடுங்கிகினாரு. லைசென்சும் போய்டும்ன்றாங்க. அடிபட்ட பார்த்திபன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரில கீறாப்ல."

"அவருக்கு யாராவது கை காட்டினதா எதாவது சொன்னாரா?"

"யாரு காட்னாங்க?" என்றார் கடைக்காரர்.

அன்று நூலகத்துக்குப் போகவில்லை. நேராகச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். கட்டிலில் கட்டுப்போட்ட காலோடு பார்த்திபன் சாய்ந்திருந்தான். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவனுக்காக பன்னைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தவர் தனகோடி. நான் நின்றபடியே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் தைரியம் போய்விடும்.

"அன்னிக்கு வழி இருக்குன்னு கை காட்டினது நான். முன்னால பாக்காம காட்டினேன். கேட்டப்ப பொய்யும் சொன்னேன்."

பார்த்திபன் பால் டம்ளரைத் தள்ளி வைத்தான். "பன்னெண்டு நாளா இந்த ஆள திட்டிகினு கீறேன். இப்ப வந்து சொல்றீங்க?" என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அது வேண்டியதுதான்.

தனகோடி வராந்தா வரை கூட வந்தார்.

"போலீஸ்ல ஏன் சொல்லலண்ணே?"

"இன்னாத்த சொல்றது மேடம்? சைக்கிள்ல போறவங்க கை காட்னாங்க, நான் கண்ண மூடிகினு ஏறிட்டேன்னா? ஸ்டீரிங் என் கைல கீது. வளைவுல ஏறுனது நானு."

"நான் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கறேன்."

"குடுங்க, வேணான்னு சொல்லல." கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஒண்ணு. இனிமே கை காட்டாதீங்க. நீங்க காட்னா எனக்குப் பாக்கத் தோணாது."

சரி என்று தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அன்று மாலையே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். படித்துப் பார்த்த போலீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஆனால் வாங்கி வைத்துக்கொண்டார். லைசென்ஸ் போகவில்லை. பொங்கல் கழிந்து ஓனர் வண்டியைத் திரும்பக் கொடுத்தார் என்று டீக்கடைக்காரர்தான் சொன்னார்.

மறுநாள் ஏரி வளைவில் பின்னால் அந்த இன்ஜின் சத்தம். இரண்டு ஹாரன். என் வலது கை எழும்பியே விட்டது. திரும்ப ஹேண்டில்பாரில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அவர் ஏறவில்லை. வளைவு முழுவதும் என் வேகத்துக்கே உருட்டிக்கொண்டு வந்தார். நேர்ச்சாலை வந்ததும், எதிரே வந்த பஸ் போகும்வரை பொறுத்து, ஒரு ஆள் இடம் விட்டு விலகித் தாண்டினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு கைகளும் ஸ்டீரிங்கில். சரியாகத்தான் ஓட்டினார், ஒரு குறை சொல்ல முடியாது. நூலகத்தைத் திறந்து உள்ளே போகும்வரை அழுகையை அடக்கிக்கொண்டேன்.

இப்போதும் ஆறு நாற்பதுக்குத்தான் கிளம்புகிறேன். அந்த வளைவு முடிய அரை நிமிடம் ஆகும். அதுவரை அவர் என் பின்னால்தான் வந்தாக வேண்டும்.