எரிகிற அளவுக்கு உப்பு

தனகோடியின் நாக்கு செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஊருக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

ஆரணியில் கல்யாணச் சமையல் என்றால் தனகோடிதான். நாக்குக்கு அடியில், இடது பக்கம், நாற்பது வருஷமாகப் புகையிலை அடக்கிய இடத்தில் அவருக்கு ஒரு புண் வந்தது. முதலில் மிளகு அளவு, அப்புறம் கடலைப் பருப்பு அளவு, இப்போது முழு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை அளவு. சமையல்காரருக்குத் தன் புண்ணையும் மளிகைச் சாமான் வைத்துத்தான் அளக்கத் தெரியும். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி ஒட்டிக் கொடுத்தார். "நாளைக்கே போ" என்றார். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு வைகாசியில் பதினொரு முகூர்த்தம். தனகோடி கடிதத்தை அஞ்சறைப் பெட்டிக்குள் கடுகுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் பத்திரப்படுத்தினார்.

ருசி தெரியாமல் எப்படிச் சமைத்தார் என்றால், புண் சமைத்தது. உப்பு சேர்ந்த எதையும் துளி எடுத்து அதன்மேல் வைத்தால் எரியும். சும்மா சுருக்கென்றால் உப்பு குறைவு. கண்ணில் நீர் திரண்டால் சரி. காது வரைக்கும் பிடித்து இழுத்தால் தண்ணீர் விட வேண்டும். நாக்கு உயிரோடு இருந்த காலத்தில்கூட இத்தனை சுத்தமாக உப்பு வந்ததில்லை. போன வாரம் ஒரு சம்பந்தி வீட்டார் அடுப்படிக்கே வந்து, "இப்டி கண்ணு கலங்கி சமைக்கறவர இன்னிக்குதான் பாக்கறோம்" என்று துண்டு போர்த்தினார்கள்.

விஷயம் தெரிந்தவள் அவர் மனைவி செல்லியம்மாள் மட்டும்தான்.

"வாயில அடுப்ப வச்சிகினு ஊருக்குப் பந்தி போட்டுகினு கீறியே, வேலூருக்கு வாய்யா."

"எரியுது இல்ல? எரியறவரிக்கும் ஒண்ணுமில்லடி. மாசம் முடியட்டும்."

எட்டாவது முகூர்த்தம், பட்டுக்கடை பரசுராமன் மகளுக்கு. பரசுராமன் பம்பாய்க்குச் சேலை கொண்டுபோன இடத்தில் பழத்தில் உப்பும் காரமும் போட்டுத் தின்னக் கண்டவர். "கோசுமல்லிய பருப்புல போடாத தனகோடி, பழத்துல போடு. ஊரே பேசணும்" என்று சொல்லியிருந்தார். ஊர் பேசத்தான் போகிறது.

விடிந்ததிலிருந்து அதே வேலை. அன்னாசி, கொய்யா, கிளிமூக்கு மாங்காய் எல்லாம் பொடியாக நறுக்குப்பட்டு அண்டாவில் விழுந்தன. பச்சைத் திராட்சை, மாதுளை முத்து. மல்லாட்டையை மணலில் வறுத்துத் தோல் ஊதி ஒன்றிரண்டாக உடைத்தார்கள். முந்திரி நெய்யில் சிவந்தது. மிளகும் சீரகமும் பொடித்து, பச்சை மிளகாய், கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, எலுமிச்சை பிழிந்தாயிற்று. உப்பு மட்டும் போடவில்லை. நறுக்கிய பழத்தில் உப்பு முன்னாலேயே விழுந்தால் பழம் அழ ஆரம்பித்துவிடும். கால் மணி நேரத்தில் தண்ணீர் நிற்கும், கடலை நமத்துப்போகும். அதனால் இலை போட்டு, ஆள் உட்கார்ந்த பிறகுதான் உப்பு. நின்று ருசி பார்த்து யோசனை கேட்க நேரம் இருக்காது.

"ஜல்தி, ஜல்தி! மாப்ள ஊட்டுக்காரங்க குந்திட்டாங்க!" பரசுராமன் வாசற்படியிலிருந்து கத்தினார்.

தனகோடி இரண்டு கைப்பிடி உப்பைத் தூவிக் கிளறி, ஒரு அன்னாசித் துண்டை நாக்குக்கு அடியில் வைத்தார். எரியவில்லை. உப்பு பத்தவில்லை போலும். இன்னொரு கைப்பிடி போட்டு, கொய்யாத் துண்டு வைத்தார். எரியவில்லை. இன்னொன்று. இன்னொன்று. மாங்காயைப் புண்ணின்மேலேயே வைத்து அழுத்தினார். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நெஞ்சு லேசாகிப் போனது. ஆறிவிட்டது! தேவிகாபுரம் கோயிலுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டது வீண்போகவில்லை.

"செல்லி! எரியலடி! சுத்தமா எரியல!"

அந்தக் கோடியில் வாழை இலை துடைத்துக்கொண்டிருந்த செல்லியம்மாள் நிமிர்ந்தாள். இரண்டு மாதத்துக்கு அப்புறம் அன்றுதான் சிரித்தாள். அதற்குள் ஆட்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சந்தோஷத்தில் ஒரு சின்ன விஷயம் தனகோடிக்கு மறந்துவிட்டது. அண்டாவுக்குள் ஐந்து கைப்பிடி உப்பு இருந்தது.

முதல் வாய் வைத்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் எல்லப்பன்.

"இன்னாயா இது! கடல் தண்ணியக் காச்சி எலயில வச்சிட்டீங்களா?"

வரிசையாக ஆட்கள் எழுந்து குழாயடிக்கு ஓடினார்கள். பரசுராமன் அடுப்படிக்குள் வந்தார். "எம் மானத்த வாங்கிட்டியே தனகோடி" என்றார். தனகோடி சிரித்த முகமாகவே நின்றார். விஷயம் முகத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

திரும்பி வந்த அண்டாவிலிருந்து செல்லியம்மாள் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். துப்பினாள். அவளுக்கு வெட்கம் வரவில்லை. வேறு என்னமோ வந்தது. உப்புச் சாடியைத் தூக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்துச் சத்திரத்துக் கொல்லைப் பக்கம் இழுத்துப் போனாள்.

"வாயத் தொற."

திறந்தார். புண் ஆறியிருக்கவில்லை, அதே மல்லாட்டை அளவில் இருந்தது. ஒரு கல் உப்பை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"எரியுதா?"

"இல்ல."

இன்னும் பெரிய கல்லாகத் தேடி எடுத்து வைத்து அழுத்தினாள். "இப்போ?"

தனகோடி கண்ணை மூடிக்கொண்டு அந்த எரிச்சலைத் தேடினார். நேற்றுவரை இருந்தது. காது வரைக்கும் இழுத்தது.

"லேசா" என்றார்.

நாற்பது வருஷத்தில் உப்பு விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது. செல்லியம்மாளுக்கு அது தெரிந்தது. உள்ளே போய் அஞ்சறைப் பெட்டியோடு வந்தாள். கடிதத்தை எடுத்து உதறினாள். நான்கு கடுகு விழுந்தது. ஓரமெல்லாம் மஞ்சள் ஏறி, பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

"காத்தால மொத பஸ்ஸு."

"சாயந்தரம் நலங்குக்கு போண்டா போடணும்டி. இந்த மூஞ்ச வச்சிகினாவது..."

"மொத பஸ்ஸுன்னேன்."

தனகோடி சரி என்று தலையாட்டினார். வாயில் இருந்த உப்பை மட்டும் துப்பவில்லை. கொஞ்சம் பொறுத்து எரிந்தாலும் எரியும் என்று, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.